வீட்டுக்கு வந்த மிஸ்ஸுக்கு ஐந்து நட்சத்திரம், கிளினிக் வாங்குக்கு இரண்டு

பதினாலு வருசமாய்ப் புகைத்தவன் நான். கையில் காசு இருந்தால் சிகரெட், முடை என்றால் பீடி, உழவு மெசினில் ஏறினால் வாயில் ஒன்று கட்டாயம். மனைவிக்கு இரண்டாவது பிள்ளை தங்கியதும் புருசன் பெஞ்சாதி இருவரையும் புகையிலையை விடவைக்கிறோம் என்று எங்கள் பக்கக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். (எந்தக் கிளினிக் என்று எழுதவில்லை, வன்னி சின்ன இடம்.)

கிளினிக் சரியில்லை. ஆம்பிளைகளுக்கு வெளியே வேப்பமரத்தடி, ஒரு வாங்கு, அதிலும் ஒரு கால் ஆட்டம். இரண்டு மணித்தியாலம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. நாங்கள் ஐந்து பேர் வேறு வேலையில்லாமல் மதவடியில் போய் நின்று புகைத்தோம். விட வந்த இடத்தில் அன்று எனக்கு வழமையை விட ஒன்று கூட!

ஆனால் அடுத்த கிழமை குடும்பநல மிஸ் (எங்கள் பக்க மருத்துவமாது) வீட்டுக்கு வந்தா. அதுதான் விசயம். "வெளியில்தான் மிஸ் புகைக்கிறனான், வீட்டுக்குள் இல்லை" என்றேன். கொடியில் கிடந்த என் சேட்டைக் காட்டி, "மணந்து பாருங்கோ தம்பி" என்றா. புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம், பக்கத்தில் இருந்து தாய் மூச்செடுத்தாலும் பிள்ளைக்குப் பாதிப்புத்தான், நிறை குறையலாம், நாளுக்கு முந்தியும் பிறக்கலாம் என்று விளங்கப்படுத்தினா. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பிள்ளை, வெத்திலை போடுறனீங்களோ?" அவள் தாயைப் பார்த்தாள். சத்தி (வாந்தி) நிற்க நல்லது என்று மாமி கொடுத்த வெத்திலைக்குள் தினமும் ஒரு கிள்ளுப் புகையிலை. புகை வராவிட்டாலும் அதிலும் நிக்கொட்டின்தான், அதுவும் பிள்ளைக்குப் போகும் என்றதும் மாமி தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

இருவரும் ஒரே நாளில் விடுவதென்று நாள் குறித்தோம். ஆசை வந்தால் நாலைந்து நிமிசம் தாக்குப்பிடி, தண்ணி குடி, கையை வேலையில் வை, அவ்வளவுதான் அறிவுரை. முதல் மூன்று நாள் தலையிடி, எரிச்சல், நாயைக்கூடப் பேசினேன். சாப்பிட்டுப் பிளேன்ரீ குடித்தவுடன் வருவதுதான் பொல்லாத ஆசை, அதனால் பிளேன்ரீயைக் கொஞ்ச நாள் விட்டேன். புகையிலையை விட உதவி கேட்க மிஸ் எழுதித் தந்த 1948 என்ற போன் இலக்கத்துக்கும் இரண்டு தரம் எடுத்தேன், காசில்லை, தமிழிலேயே கதைத்தேன். வெட்கப்படுகிற ஆட்களுக்கு இது வசதி, முகம் காட்டத் தேவையில்லை.

குறை பிள்ளை பிறந்த பிறகுதான். மிஸ் வந்து பிள்ளையின் நிறை பார்த்தா, தொப்புள் பார்த்தா, பால் பற்றிக் கேட்டா, புகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த கூட்டாளிகள் நீட்டியதில் நான் ஒன்றை வாங்கிவிட்டேன். பிள்ளையைத் தூக்கப் போனால் மனைவி தரவில்லை, தோய்ந்து சேட்டு மாற்றிய பிறகுதான் தந்தாள். புகை பட்டால் தூக்கத்திலேயே கைக்குழந்தைகள் இறக்கும் ஆபத்துக் கூடும் என்பதை அடுத்த நாள் நானாக மிஸ்ஸுக்குப் போன் எடுத்துத்தான் அறிந்தேன். அதை முதலே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஏழு மாதம், ஒன்றும் இல்லை.

பிறந்த பிறகு வருகிற வருகையிலும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கோ. வாங்கின் காலுக்கும் ஒரு ஆணி அடியுங்கோ.