மாமா, முகவர், ஆய்வுகூடம்: யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு உள்ளகப் பயிற்சிக்கு எந்த வழி?

யாழ்ப்பாணத்தில் படிக்கும் பிள்ளை வெளிநாட்டில் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும் என்று சொன்னால், வீட்டில் பேச்சு முதலில் வெளிநாட்டு மாமாவிடம் போகும். அது சரிவராவிட்டால் முகவரிடம் போகும். ஆய்வு நிறுவனங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பதும், மாணவர் பரிமாற்ற அமைப்புகள் இருக்கின்றன என்பதும் பலருடைய காதுக்கே எட்டுவதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம். எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: செலவு யாருடையது? எந்த விசாவில் போவது?

உறவினர் வழியில் முதற்கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ தங்க ஓர் அறையும் வேளைக்குச் சாப்பாடும் இருந்தால் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். சிக்கல் விசாவில்தான். “சுற்றுலா விசாவில் வரட்டும், என்னுடைய அலுவலகத்தில் மூன்று மாதம் பழகட்டும்” என்று மாமா அன்போடு சொல்வார். பிரித்தானியாவின் வருகையாளர் விதிகள் உள்ளகப் பயிற்சியை அனுமதிப்பதில்லை; அதற்கு அங்கீகாரம் பெற்ற அனுசரணையாளர் வழியாக வேறு விசா எடுக்க வேண்டும். கனடாவிலும் வேலை அனுமதி இல்லாமல் நிறுவனமொன்றில் பயிற்சிக்கு அமர்வது ஆபத்து. சம்பளம் வாங்கவில்லை என்பது காப்பாற்றாது. ஒருமுறை விசா விதியை மீறிய பதிவு, பிறகு முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்கும். மருத்துவ பீட மாணவர்களின் நிலை மட்டும் வேறு: சம்பளமின்றி, நோயாளிக்குச் சிகிச்சை அளிக்காமல், படிப்பின் பகுதியாகக் குறுகிய காலம் போய்வரப் பிரித்தானிய வருகையாளர் விதிகளிலேயே இடம் இருக்கிறது.

உறவினர் ஜேர்மனியில் இருந்தால் கதை மாறுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்கு செமஸ்டர் முடித்த மாணவர், தன் படிப்போடு தொடர்புள்ள பயிற்சியை 12 மாதம் வரை அங்கே செய்யலாம். பயிற்சி தரும் நிறுவனத்தின் ஆவணங்களோடு அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலைப் பெற வேண்டும். சித்தப்பா வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒருவரை அறிமுகப்படுத்தக் கேட்பதற்கு இது நியாயமான இடம். கடையில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு இந்த வழி பொருந்தாது.

முகவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் ஆளைத் தொழிலுக்கு அனுப்புவதற்கானது. நல்ல பயிற்சி கிடைக்கும் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. பணம் கேட்பவரிடம், பயிற்சி நிறுவனத்தின் பெயரையும் விசாவின் வகையையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணத்துக்கு ஈடான பயிற்சியை எந்த முகவராலும் தர முடியாது.

ஆய்வு நிறுவனங்கள்தான் என் முதல் தெரிவு. ஜப்பானின் ஓக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், சவூதி அரேபியாவில் செங்கடலோரம் துவலில் இருக்கும் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் எந்த நாட்டு மாணவரையும் ஏற்கின்றன. விமானப் பயணம், தங்குமிடம், உதவித்தொகை மூன்றையும் அவையே பார்த்துக்கொள்கின்றன. சில மாதங்களிலிருந்து ஆறு மாதம் வரை அங்கு இருக்கலாம். ஜெனீவாவிலுள்ள செர்ன் (CERN) துகள் இயற்பியல் ஆய்வுகூடத்தின் கோடைகால மாணவர் திட்டம் 1962 முதல் நடக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பை முடித்த இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்களை எடுக்கிறார்கள். உறுப்பு நாடல்லாத இலங்கைக்கும் அதில் வாய்ப்பு உண்டு. ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

இவற்றுள் எங்கள் மாணவருக்கு முதல் இரண்டும்தான் வசதி. காரணம் நாட்காட்டி. செர்ன் திட்டம் ஐரோப்பியக் கோடைவிடுமுறையை ஒட்டி ஜூன் முதல் செப்டெம்பர் வரை நடப்பது. எங்கள் செமஸ்டர்கள் அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. பெருந்தொற்றும் வேலைநிறுத்தங்களும் அவற்றை இன்னும் குழப்பிவிட்டன. இடம் கிடைத்த மாதத்தில் பரீட்சை வந்தால் என்ன செய்வது? ஓக்கினாவாவும் துவலும் கோடைக்கு வெளியேயும் ஆட்களை எடுப்பதால், பரீட்சைக்குப் பின்வரும் இடைவெளியைக் கணக்கிட்டு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று: புலனக் குழுக்களில் சுற்றும் அறிவிப்புகளை நம்பி வாரக்கணக்கில் உழைப்பதற்கு முன் தகுதி பெறும் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். ஜேர்மனியின் பெயர்பெற்ற ரைஸ் (RISE) ஆய்வுப் பயிற்சித் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய நாடுகளின் மாணவர்களுக்கானது.

இந்த வழியில் காத்திருப்பு நீளம், நிராகரிப்பு அதிகம். விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் நகர முடியாது. அதைக் கடைசி வாரத்தில் போய்க் கேட்கக் கூடாது. கடவுச்சீட்டும் முன்பே கையில் இருக்கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள், வெளிநாட்டுப் பயிற்சி தங்கள் கட்டாயக் கைத்தொழிற் பயிற்சியாகக் கணக்கில் எடுக்கப்படுமா என்பதைத் துறையிடம் எழுத்தில் உறுதிசெய்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஐசெக் (AIESEC), ஐயெஸ்டே (IAESTE) என்ற இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் 1948இல் தோன்றியவை. ஒற்றுமை அதோடு சரி. ஐசெக்கில் மாணவர் கட்டணம் செலுத்துகிறார். அங்கே அதிகம் தென்படும் ஆறு முதல் எட்டு வாரத் திட்டம் தொண்டுப்பணி. உலகம் பார்க்கவும் கூச்சம் தெளியவும் அது மிக நல்லது, ஆனால் துறைசார் பயிற்சியாகாது. ஐயெஸ்டே தொழில்நுட்ப மாணவர்களுக்கானது. பயிற்சி தரும் நிறுவனம் அங்கே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகிறது, விமானச் செலவு மாணவருடையது.

ஐயெஸ்டே இயங்குவது கொடுத்து வாங்கும் முறையில். ஒரு நாடு வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை இடம் திரட்டித் தருகிறதோ, ஏறத்தாழ அத்தனை இடமே அதற்குத் திரும்பக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் இன்று மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஒரு மேசை, ஒரு மேற்பார்வையாளர், மாதச் செலவுக்கு ஒரு தொகை கொடுக்க முன்வந்தால், அந்த ஓர் இடத்தைக் காட்டி இங்கிருந்து ஒருவருக்கு இடம் கேட்கலாம். மாமாவிடம் கேட்பதைவிட இதைக் கேட்பது கடினமல்ல. துறைத் தலைவர்களும் மாணவர் சங்கங்களும் இந்த ஆண்டே அந்த நிறுவனங்களின் வாசலுக்குப் போகலாம்.