கூகுள் ஸ்காலர்: நாலு வருஷமா தினமும் யூஸ் பண்றவளோட ரிவ்யூ

மாலிக்குலர் பேத்தாலஜில, அதாவது நோயை ஜீன் அளவுல ஆராயுற துறைல, பிஎச்டி பண்றேன். காலைல லேப் போனதும் நான் முதல்ல திறக்கிறது ஆராய்ச்சி பேப்பர் தேடுற கூகுள் ஸ்காலர்தான், அதனால இதைப் பத்தி கொஞ்சம் விவரமாவே எழுதுறேன். 2004ல வந்தது, காசு கிடையாது. இதே மாதிரி பேப்பர் தேடுற ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் எல்லாம் முழுசா பார்க்கணும்னா காலேஜ் சந்தா கட்டியிருக்கணும், சின்ன காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு அது எங்க கிடைக்கும், அவங்களுக்கு இது ஒரு பெரிய கதவு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பேப்பருக்குக் கீழ வர்ற அந்த சைட்டட் பை லிங்க், அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டின (சைட் பண்ணின) மத்த பேப்பரையெல்லாம் அது காட்டும். ஒரு உதாரணம் சொல்றேன். மிச்சிகன் யுனிவர்சிட்டில அருள் சின்னையான் டீம் 2005ல சயின்ஸ் ஜர்னல்ல ஒரு பேப்பர் போட்டாங்க. ரெண்டு ஜீன் உடைஞ்சு ஒட்டிக்கிறது, அதாவது ஃப்யூஷன், ரத்தப் புற்றுநோய், சார்கோமாங்கிற எலும்பு, தசை மாதிரி திசுக்கள்ல வர்ற புற்றுநோய் இதுலதான் பெருசா நடக்கும்னு நினைச்சிட்டு இருந்த காலம் அது. இவங்க புராஸ்டேட் கேன்சர்ல எல்லா நோயாளியோட சராசரியையும் பார்க்காம, சில பேர்கிட்ட மட்டும் எகிறி நிக்கிற ஜீன் எதுன்னு தேடினாங்க, அப்படித்தான் இ.ஆர்.ஜி, இ.டி.வி.1 ரெண்டும் மாட்டுச்சு. போய்ப் பார்த்தா அதோட முன்பக்கம் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 வந்து ஒட்டியிருக்கு, அது ஆண் ஹார்மோன் சொன்னபடி கேட்கிற ஜீன். ஜீன் உடைஞ்சிருக்கான்னு ஒளிரும் சாயம் வச்சுப் பார்க்கிற ஃபிஷ் டெஸ்ட்ல 29 புராஸ்டேட் கேன்சர் சாம்பிள்ல 23ல இந்த மாதிரி மாற்றம் இருந்துச்சு. முதல் தடவை படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு.

இப்ப அந்த சைட்டட் பையை அழுத்தினா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும். பயப்படாதீங்க, மேல ஒரு குட்டி டிக் பாக்ஸ் இருக்கும், சைட் பண்ணின பேப்பருக்குள்ள மட்டும் தேடுறதுக்கு, அதை டிக் பண்ணிட்டு ஜப்பான்னோ சீனான்னோ இங்கிலீஷ்ல அடிங்க. அந்த ஊர் நோயாளிங்ககிட்ட இந்த ஃப்யூஷன் மேற்கு நாடுகளை விட குறைவாத்தான் இருக்குன்னு காட்டின வேலைகள் வரிசையா வரும். ஒரு பேப்பர் வெளிய போய் என்ன ஆச்சு, யாரு திரும்பச் செஞ்சு பார்த்தாங்க, எங்க செல்லுபடியாகல, எல்லாம் அங்கயே தெரியுது. சைட்டேஷன்னா இதுதாங்க.

ஆனா ஒரு ஆராய்ச்சியாளரோட புரொஃபைல் பக்கத்துல ஓரமா எச் இன்டெக்ஸ் எல்லாம் போட்டு வர்ற நம்பர் டேபிள் இருக்கே, அதை வச்சு ஆளை எடை போடாதீங்க. எச் இன்டெக்ஸ் 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் கொண்டுவந்தது. 20 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 சைட்டேஷன் வாங்கியிருந்தா எச் 20, அவ்வளவுதான் கணக்கு. எதுக்காக சைட் பண்ணாங்கன்னு அதுக்குத் தெரியாது. ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்க ஆர்டி பிசிஆர் டெஸ்ட் போடுற எல்லாரும், அதுக்குக் கணக்கு சொல்ற லிவாக், ஷ்மிட்ஜன் 2001 பேப்பரை மெத்தட்ஸ் பகுதில ஒரு வரி போட்டுட்டுப் போவோம், லட்சத்துக்கு மேல சைட்டேஷன் அதுக்கு. உபயோகமான பேப்பர்தான், ஆனா அந்த லட்சத்தையும் ஃப்யூஷன் பேப்பர் வாங்கினதையும் ஒரே தராசுல வைக்க முடியுமா?

எனக்கு இதுல வருத்தம் உண்டு. ஒரு இடத்துல வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன், மூணு வருஷம் மெழுகுல பதிச்ச திசுவை (பாரஃபின் பிளாக்) வெட்டி ஸ்லைடு போட்டு செஞ்ச வேலையைப் பத்தி ஒரு கேள்வி வரல, எச் எவ்வளவுன்னு கேட்டு எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க. பஸ்ல வர்றப்ப அழுகையே வந்துருச்சு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ப் பேருக்கு ஸ்காலர் சரிப்பட்டு வராது. இனிஷியல் முன்னாடி போட்டா ஒரு ஆள், பின்னாடி போட்டா வேற ஆள், அதே பேருல இன்னும் பத்துப் பேர் இருப்பாங்க. புரொஃபைல்ல பேப்பரை ஆட்டோமேட்டிக்கா சேர்க்கிற ஆப்ஷனை ஆஃப் பண்ணிட்டு நீங்களே பார்த்துப் பார்த்து சேர்த்துக்கோங்க, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா குடுக்கிற ஆர்கிட் நம்பர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, அதுவும் இலவசம்தான். தீசிஸ், ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடி போடுற ப்ரீப்ரின்ட் எல்லாத்தையும் எண்ணுறதால இங்க நம்பர் ஸ்கோபஸை விட கூடத்தான் தெரியும். அதனால ஒருத்தரோட பேப்பர் லிஸ்ட் வேணும்னா நான் மருத்துவப் பேப்பர் தேடுற பப்மெட்டையும் பக்கத்துல திறந்து வச்சு ஒத்துப் பார்ப்பேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். ஜூனியர்ஸ் யாராவது இதைப் படிச்சா, உங்க டாபிக்ல ஒரு முக்கியமான பேப்பருக்கு இன்னைக்கே அலர்ட் போட்டு வைங்க, புதுசா யாராவது சைட் பண்ணினா மெயில் வரும். 2005 பேப்பருக்கு நான் போட்டு வச்சிருக்கேன், போன வாரம் கூட வந்துச்சு.