ஃபோர்ட் கேனிங் மலையில் சாங் நீல உத்தாமா தோட்டம்

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் மலை என்றாலே டோபி காட் ரயில் நிலையத்தின் பக்கம் இருக்கும் சுழல் படிக்கட்டுதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. வரிசையில் நின்று படம் எடுத்ததும் இறங்கிப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். மேலே, சிங்கப்பூராவை (பழைய சிங்கப்பூரை) நிறுவியதாக மலாய் மரபுக் கதைகள் சொல்லும் அரசர் சாங் நீல உத்தாமாவின் பெயரில் இந்தத் தோட்டம் இருக்கிறது, கட்டணமும் இல்லை.

14ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூராவை ஆண்ட அரசர்கள் வாழ்ந்த மலை இது. சாமானியர்கள் ஏறக்கூடாத இடமாக இருந்திருக்கிறது. தோட்டம் மட்டும் புதிது, 2019இல் திறந்தது. அசல் எப்படி இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தக் காலத்து ஜாவா பாணியைத் துணைக்கு எடுத்திருக்கிறார்கள். பொருத்தமான முடிவு என்றுதான் சொல்வேன்.

நான் செடி பராமரிக்கும் வேலையில் இருப்பவன். எங்கே போனாலும் கண் முதலில் இலையைத்தான் பார்க்கும். இங்கே வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு கோபுரத்தை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் நகர்த்தி வைத்த மாதிரி வாசல். வெளிப்பக்கம் படிப்படியாக இறங்குகிறது, உள்பக்கம் ஒரே வெட்டாக நேராக இருக்கிறது. மேலே உத்தரம் கிடையாது. அந்த இடைவெளியில் நடக்கும்போது தலைக்கு மேல் வானம் மட்டும்தான். உள்ளே போனால் அசையாத தண்ணீர், கற்சிற்பங்கள், நிறைய வெற்றிடம். பூவை அள்ளிக் கொட்டாமல் விட்டதற்கே வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். வெற்றிடம் விடுவதற்குத் துணிச்சல் வேண்டும், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

ஓர் ஆசை உண்டு. 1822இல் இங்கே ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி ஜான் க்ராஃபர்ட், செங்கல் அடித்தளங்களோடு பழைய டுரியான், ரம்புத்தான், டூக்கு, பம்பளிமாஸ் பழமரங்களையும் பார்த்து எழுதியிருக்கிறார். அரச தோட்டம் என்றால் பழமரங்களுக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், சாங் நீல உத்தாமாவின் முன்னோராக மலாய் மரபுக் கதைகள் ராஜா சூலான் என்ற அரசரைச் சொல்கின்றன. சோழரின் நினைவுதான் அந்தப் பெயர் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அதையும் சொல்லுங்கள்.

அரண்மனைப் பெண்கள் குளித்ததாகச் சொல்லப்படும் ஊற்றையும் இதே மலையில் புதிதாக அமைத்திருக்கிறார்கள். அதையும் விடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், உச்சிவெயிலில் தாங்காது. மழை பெய்திருந்தால் பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.