கேம் ஆட ஹெட்போனா, ஸ்பீக்கரா? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

போட்டி ஆட்டங்களுக்கு மட்டும் ஹெட்போன், மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் என்பதே, இரண்டையும் பல ஆண்டுகளாக ஒரே மேசையில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பின் நான் வந்து சேர்ந்திருக்கும் ஏற்பாடு. இதில் விலையின் பங்கு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் எதிராளியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதே பல சமயங்களில் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் பயணிப்பதால், நேர் வலப்பக்கத்தில் எழும் ஓசை இடக்காதை அடைய 0.6 முதல் 0.7 மில்லிவினாடி வரை தாமதமாகிறது. இந்த நுண்ணிய தாமதத்தையும், தலை மறைப்பதால் குறையும் ஒலியளவையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக்காதையும் எட்டிவிடுகிறது, சுவரிலும் மேசைப்பரப்பிலும் பட்டு மீண்டும் வருகிறது. ஆகவே எதிரே உள்ள பரப்பைத் தாண்டி, பின்னால் யாரோ வருகிறார் என்ற உணர்வை இரண்டு ஸ்பீக்கர்களால் எனக்குத் தர முடிந்ததே இல்லை.

ஹெட்போனிலும் அது தானாக வந்துவிடுவதில்லை. சாதாரண ஸ்டீரியோ இடம், வலம் என்று பிரித்துக் காட்டுமே தவிர, முன், பின் என்று பிரித்துக் காட்டாது. காதுமடலும் தலையும் ஒலியில் உண்டாக்கும் மாற்றங்களைக் கணக்கிட்டுச் சேர்க்கும் ஹெச்ஆர்டிஎஃப் என்னும் முறை அதற்குத் தேவைப்படுகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அது 2016ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. காதின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் பலனும் வேறுபடும். எனக்குப் பின்பக்கம் தெளிவாகத் தெரிகிறது. மேல்தளமா கீழ்த்தளமா என்பது இன்றும் பாதி ஊகம்தான். ஆட்டத்துக்குள் இவ்வசதியை இயக்கிவிட்டு, விண்டோஸிலோ ஹெட்போன் மென்பொருளிலோ உள்ள, சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் காட்டும் மெய்நிகர் சரவுண்டையும் சேர்த்து இயக்கினால் ஒரே ஒலி இருமுறை பதப்படுத்தப்பட்டுத் திசையே குழம்பிவிடும். இரண்டில் ஒன்று போதும்.

கதை சார்ந்த ஆட்டங்கள், கார்ப் பந்தயங்கள், பரந்த உலகில் சுற்றித் திரியும் ஆட்டங்கள் ஆகியவற்றில் நிலைமை தலைகீழ். ஹெட்போனில் இசை தலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதுபோல் இருக்க, ஸ்பீக்கரில் அது எதிரே விரிகிறது. எஞ்சினின் தாழ்ந்த அதிர்வைக் காது மட்டுமன்றி உடலும் உணர்கிறது. இரு ஸ்பீக்கர்களும் என் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையுமாறும், உச்ச ஒலிகளைத் தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வருமாறும் வைத்து, சுவரை ஒட்டியிருந்ததைச் சற்று முன்னே இழுத்ததும் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளின் கொழகொழப்பு பெரிதும் அடங்கிவிட்டது. விதிவிலக்காக, 2017இல் வெளிவந்த ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸ் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், நாயகியின் தலையைச் சுற்றிப் பேசும் குரல்கள் பைனாரல் முறையில் (இரு காதுகளின் இடத்தில் மைக் வைத்து) பதிவு செய்யப்பட்டிருப்பதால், அதை ஸ்பீக்கரில் ஆடுவது பாதி ஆட்டத்தை இழப்பதற்குச் சமம்.

நெடுநேரம் ஆடும்போது ஹெட்போனின் எடை கழுத்திலும், இறுக்கம் கண்ணாடிச் சட்டத்தின் மேலும் தெரிய ஆரம்பிக்கும். பின்புறம் திறந்த வகை காதில் வியர்வை தேங்க விடாது என்றாலும், ஒலி வெளியே கசியும். இவற்றைவிடக் கவலை தருவது ஒலியளவு. மெல்லிய காலடி கேட்பதற்காகக் கூட்டிவைத்த அளவில்தான் துப்பாக்கிச் சத்தமும் வந்து காதில் இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. 90 டெசிபலில் அந்த வரம்பு வெறும் 4 மணி நேரம். பல ஆட்டங்களின் ஒலி அமைப்பில் ‘இரவு முறை’ போன்ற பெயரில் உரத்த ஒலிகளைத் தணிக்கும் தேர்வு ஒன்று இருக்கும். நான் அதை அணைப்பதே இல்லை.

குழுவாகப் பேசி ஆடுவோருக்கு ஸ்பீக்கர் தொல்லைதான். அதன் ஒலி மைக்கில் புகுந்து நண்பர்களுக்கு எதிரொலியாகக் கேட்கும், அதை நீக்கும் மென்பொருளோ நம் குரலையும் சேர்த்துக் கத்தரிக்கும். வயரில்லா ஹெட்போன் வேண்டுமென்றால் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுடன் வருவதையே வாங்கலாம். ப்ளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவினாடியைத் தாண்டுவதோடு, மைக்கை இயக்கியதும் ஒலித்தரமும் சரிந்துவிடுகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வயருள்ள ஹெட்போனையே முதலில் வாங்கச் சொல்வேன். ஸ்பீக்கரின் ஒலி அறையைப் பொறுத்து மாறும், இரவில் வீட்டார் உறங்கும்போது அதற்கு வேலையும் இல்லை. வாங்குமுன் காதுமெத்தை தனியாக விற்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் இதுவரை கெட்டுப்போனது உரிந்து கொட்டிய அந்த மெத்தை மட்டுமே.