மீல் மேக்கர், டோஃபு, சோயா பால், பட்டாணிப் பொடி, சத்துமாவு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடக்கும் சைவ வீட்டுக்கு எதை வாங்குவது?

வீட்டில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ தொடங்கிவிட்டது, அவர் சைவம் என்றால், உறவுக்காரர்கள் கையோடு கொண்டுவருவது சத்துமாவு டப்பாவைத்தான். எங்கள் வரிசையில் அதற்குக் கடைசி இடம். முதல் இடம், அதே மளிகைக் கடையில் அப்பளக் கட்டுக்கும் சேமியாவுக்கும் பக்கத்தில் கிடக்கும் மீல் மேக்கர் பாக்கெட்டுக்கு. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கு.

சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம். நம் வீட்டுச் சைவச் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். மூன்று இட்லி 6 கிராம், 150 கிராம் அரிசியை வடித்த சோறு 11, சாம்பாரிலும் கூட்டிலும் சேர்ந்து 40 கிராம் பருப்பு போனால் 9, இரண்டு வேளைத் தயிர் 6, இரண்டு டம்ளர் காபியில் உள்ள பால் 6. மொத்தம் 38. பாலும் தயிரும் வேண்டாம் என்பவருக்கு 26தான். வாந்தி உணர்வில் பாதித் தட்டு திரும்பிப் போகும் நாட்களில் இதுவும் கிடையாது. அறுவைப் புண் ஆறுவதற்கும், ரத்த அணுக்கள் மீண்டு வருவதற்கும், தசை கரையாமல் இருப்பதற்கும் புரதம் வேண்டும். சைவமாகச் சாப்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை. இந்த 22 முதல் 52 கிராம் (பாலும் தயிரும் இல்லையென்றால் 34 முதல் 64 கிராம்) பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி. ஐந்து பொருட்களையும் அந்த அளவுகோலில்தான் பார்க்கிறோம்.

மீல் மேக்கர்

எண்ணெய் பிழிந்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுத்த உருண்டை இது. 100 கிராமில் ஏறக்குறைய 52 கிராம் புரதம், கொழுப்பு 1 கிராம்கூட இல்லை. 200 கிராம் பாக்கெட் ஐம்பது, அறுபது ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதாவது 10 கிராம் புரதத்துக்கு ஐந்தாறு ரூபாய். கடையில் வாங்கும் இந்த ஐந்தில் இந்த விலைக்கு அருகில் வேறு எதுவும் வராது. கொழுப்பு குறைவு என்பதும் இங்கே முக்கியம். பல புற்றுநோய்களில் ஆள் மெலிந்துபோவார். மார்பகப் புற்றுநோயில் கீமோவுக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் பிறகு எடை ஏறுவதுதான் அதிகம். தெம்புக்கு என்று நெய்யும் பாதாம் அல்வாவும் ஊட்டினால் கூடுவது கொழுப்பு, தசை அல்ல.

'சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ஹார்மோன் சார்ந்த புற்றுநோய்க்கு ஆகாது' என்ற பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சோயாவில் இருப்பது ஐசோஃப்ளேவோன். ஈஸ்ட்ரோஜன் போன்ற வடிவம் கொண்டது, ஆனால் உடலில் அதன் வேலை மிக மெலிது. ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவை அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடமும் தீங்கு தென்படவில்லை. உணவாகச் சாப்பிடும் சோயாவை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் தடுப்பதில்லை. ஆனால் இது உணவுக்கு மட்டுமே பொருந்தும். உடல் திடீரென்று கொதித்து வியர்ப்பதற்கு என்று மருந்துக் கடையில் விற்கும் ஐசோஃப்ளேவோன் கேப்ஸ்யூல் வேறு சரக்கு. அதைத் தொடக் கூடாது.

மீல் மேக்கரின் குறை, அதன் வாடை. கீமோவில் சிலருக்கு மூக்கு கூர்மையாகிவிடும். சாதாரண நாளில் தெரியாத பச்சை அவரை வாடை அப்போது குமட்டலைக் கிளப்பும். இதற்குக் காரணம் பெரும்பாலும் சமைக்கும் முறைதான். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் எடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்புப் போட்டு, உருண்டைகளைப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். பத்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாடையும், வயிற்றில் காற்றடைக்க வைக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். பிழியாமல் போட்டால் உருண்டைக்குள் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் மசாலா உள்ளே இறங்காது. கடித்தால் உள்ளே சப்பென்று இருக்கும். குக்கரில் விசில் விட்டால் ஸ்பாஞ்சு போலக் குழைந்துவிடும்.

பெரிய உருண்டையைவிடத் துருவலாக வரும் வகையை வாங்கச் சொல்வோம். வாய்ப்புண் இருக்கும் வாரத்தில் உருண்டையை மெல்ல முடியாது. துருவலை ஊறவைத்துப் பிழிந்து, அடை மாவில் ஆளுக்கு 15 கிராம் என்ற கணக்கில் கலந்தால் கூடுதலாக 8 கிராம் புரதம் சத்தமில்லாமல் உள்ளே போகும். இட்லி மாவில் கலக்க வேண்டாம், இட்லி கல்லாகிவிடும். வாய்ப்புண் ஆறும்வரை மிளகாய், புளி, தக்காளியைத் தள்ளிவைத்து, தேங்காய்ப்பால் குருமாவாகச் செய்யலாம். வாயில் இரும்புச் சுவை தட்டுகிறது, ஆனால் புண் இல்லை என்றால் நேர்மாறு. எலுமிச்சை பிழிந்து, எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டியோ பீங்கானோ கொடுங்கள். எலுமிச்சை இன்னொரு வேலையும் செய்யும். சோயாவில் இரும்புச்சத்து நிறைய இருந்தாலும் அதிலேயே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்திருக்கும். வைட்டமின் சி கூட இருந்தால் உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் கெட்டது, ஒரு மணி நேரம் போகட்டும்.

டோஃபு

100 கிராமில் 12 முதல் 15 கிராம் புரதம். மென்மை, வாடை குறைவு, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாய்ப்புண் நாட்களுக்கு மீல் மேக்கரைவிட இதுவே மேல். விலைதான் பல மடங்கு.

வாங்கும்போது லேபிளில் ஒன்றைப் பாருங்கள். சோயா பாலைத் திரிக்க கால்சியம் சல்ஃபேட் சேர்த்திருந்தால், அதாவது 516 என்ற எண் இருந்தால், அந்த டோஃபு கால்சியமும் தரும். 511, 575 என்ற எண்கள் மட்டும் இருந்தால் அந்த அளவுக்குக் கால்சியம் கிடைக்காது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் எலும்பை மெலிய வைப்பவை. பால் குடிக்காதவருக்கு இந்த எண் பெரிய வித்தியாசம். இதோடு கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் சேரட்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அப்படியும் போதாவிட்டால் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு உதிரியாக விற்கும் டோஃபுவைக் கீமோ காலத்தில் வாங்காதீர்கள். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சீல் வைத்த பாக்கெட்டாகவே வாங்கி, அதையும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும். முளைகட்டிய பயறுக்கும் இதே சட்டம். முளைக்க வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. பச்சையாக வேண்டாம், வேகவைத்துச் சுண்டலாக்குங்கள்.

சோயா பால்

இனிப்பில்லாத சோயா பால் 200 மில்லியில் 6 கிராம் புரதம், கிட்டத்தட்ட பசும்பால் அளவு. பாதாம் பால் என்று பெட்டியில் வருவதில் அதே 200 மில்லிக்கு 2 கிராம் இருந்தாலே அதிகம். பால் வேண்டாம் என்பவருக்குப் பாதாம் பாலை மாற்றாக வாங்கிக் கொடுப்பது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் பயனில்லை. சாக்லேட், ஏலக்காய் வகைகளில் சர்க்கரை கணிசம். கால்சியம் சேர்த்த பெட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் சேர்த்த கால்சியம் அடியில் தங்கி, குப்பைக்குத்தான் போகும்.

ஃபில்டர் காபியில் திரிந்துபோகிறது என்பது எல்லோர் புகாரும். சூடான டிகாக்ஷனில் குளிர்ந்த சோயா பாலை ஊற்றுவதால் வருவது அது. பாலை முதலில் சூடாக்கி, அதில் டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

பட்டாணிப் புரதப் பொடி

30 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். சோறு கண்டாலே முகம் திருப்பும் நாட்களில் இதற்கு ஈடில்லை. அந்த நாட்களுக்கு மட்டும் போதும். முதலில் சிறிய சாஷேவாக, சுவை சேர்க்காத வகையாக வாங்குங்கள். கீமோவில் நாக்கு மாறியவருக்குச் செயற்கை இனிப்பின் அடிநாக்குக் கசப்பு தாங்காது. கொதிக்கும் கஞ்சியில் தூவினால் கட்டிகட்டியாகும். ஆறிய தண்ணீரில் பசை போலக் குழைத்து, இறக்கி வைத்த உப்புக் கஞ்சியில் சீரகத்தோடு கலந்தால் மணல் போல நெருடுவது குறையும்.

பொருட்பட்டியலில் அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு, மிளகுச் சத்துடன் குர்குமின் என்று எது கண்ணில் பட்டாலும் திருப்பி வைத்துவிடுங்கள். அஸ்வகந்தாவால் ஈரல் பாதிக்கப்பட்ட நோயாளிகள் பற்றிய பதிவுகள் உண்டு. குர்குமின் மாத்திரை டமாக்ஸிஃபெனின் செயல்படும் கூறான எண்டாக்ஸிஃபெனை ரத்தத்தில் குறைத்ததை நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. மிளகுச் சத்து சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. சாம்பாரில் போடும் மஞ்சள்தூளுக்கு இந்தக் கவலை வேண்டாம், அந்த அளவு வேறு.

சத்துமாவு

பெயரைக் கேட்டால் நம்பிக்கை வரும். கையில் வருவதோ 100 கிராமுக்கு 10 முதல் 13 கிராம் புரதம். ஒரு டம்ளர் கஞ்சிக்கு 30 கிராம் மாவு. ஆக 3, 4 கிராம்தான், இரண்டு இட்லிக்குச் சமம். பாக்கெட்டில் பொருட்களை எடை வரிசையில் அச்சிடுவது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ வெல்லமோ இருந்தால் அது இனிப்பு மாவு.

வீட்டில் அரைப்பதானால் இது எங்களுக்குப் பிடித்தமானது. அளவை மட்டும் மாற்றுங்கள். கேழ்வரகு 150 கிராம், பொட்டுக்கடலை 200, சோயா பயறு 100, வேர்க்கடலை 50. சோயா பயறை ஊறவைத்து வேகவைத்து உலர்த்தி, பிறகு வறுக்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சூட்டில்தான் அது அழியும். இந்த மாவில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். 40 கிராம் கஞ்சியாக்கினால் 8 கிராம். வேர்க்கடலை எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால் அரைக் கிலோவுக்கு மேல் அரைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன்

ஐந்திலும் பி12 இயல்பாகக் கிடையாது. பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்கு விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கலாம். பி12 குறைந்தாலும் அப்படியே குறுகுறுக்கும். பால்கூடச் சேர்க்காதவர், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் ஆகியோருக்கு எது காரணம் என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பார்க்காமல் மாத்திரையை விழுங்க வேண்டாம், கீமோ நடக்கும்போது எந்த வைட்டமின் மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதற்கும் சோயாவுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விடட்டும். காலையில் மாத்திரை, மதியம் மீல் மேக்கர் என்றால் சிக்கல் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மேலே போட்ட புரதக் கணக்கே பொருந்தாது, அவருக்கான அளவை டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். கேப்சிடபின், பெர்டூஸுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளால் வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மீல் மேக்கரையும் சுண்டலையும் நிறுத்தி, டோஃபுவும் பாசிப்பருப்புக் குழைசோறும் கொடுங்கள். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் போனபின் மீல் மேக்கரை 15 கிராமில் மறுபடி தொடங்கலாம்.