சென்னையில் ‘எல்லா இடத்துக்கும் ஒரே பர்மிஷன்’ என்று சொல்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மெரினா கடற்கரை, எழும்பூர் ரயில் நிலையம், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஆகிய மூன்று இடங்களிலும் படம்பிடிக்கவும், கூடவே ட்ரோன் பறக்கவிடவும் ஒரே கடிதத்தில் அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கடந்த பிப்ரவரி மாதம் 48,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அவர் கொடுத்த கடிதம் போலியானது. அதை நம்பிப் படப்பிடிப்புக்குப் போன அன்று என்னுடன் வந்த ஐந்து இளைஞர்கள் இரண்டு மணி நேரம் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியதாயிற்று. சிறிய அளவில் ஆவணப்படம், திருமணப் படம், யூடியூப் காணொளி எடுப்பவர்கள்தான் இவரைப் போன்றவர்களிடம் அதிகம் சிக்குகிறார்கள் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

சங்கும் சிப்பியும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி 25 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். ராமேசுவரத்திலிருந்து மூட்டைகள் ரயிலில் எழும்பூருக்கு வந்து சேர்வது, அவை மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் கடை விரிக்கப்படுவது, மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடுவது என்பதுதான் கதையின் போக்கு. பெரிய தயாரிப்பு நிறுவனம் எதுவும் என் பின்னால் இல்லை. நண்பர்கள் கொடுத்த பணமும் என் சேமிப்பும்தான் முதலீடு. அனுமதிக்காக எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாமல் இரண்டு வாரம் தவித்த பிறகு, திருமணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் மூலம் அந்த மனிதரின் எண் கிடைத்தது.

“மேடம், நீங்க எங்கேயும் அலையவே வேணாம். எல்லாத்தையும் சிங்கிள் விண்டோல முடிச்சுக் கொடுத்துடுறேன்” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். ஒற்றைச் சாளர முறை என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதால் அவருடைய பேச்சு பொய்யாகத் தோன்றவில்லை. மாநில அரசுக்குச் சொந்தமான இடங்களில் படப்பிடிப்பு நடத்தச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தரப்பில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ‘இந்தியா சினி ஹப்’ இருக்கிறது. ஆனால் சாளரம் என்பது விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் இடம் மட்டுமே. இடத்துக்கு உரியவர் யாரோ அவர்தான் அனுமதி தர முடியும் என்பதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை.

கடற்கரைக்கு 20,000, ரயில் நிலையத்துக்கு 12,000, மாமல்லபுரத்துக்கும் ட்ரோனுக்கும் சேர்த்து 16,000 என்று கணக்குச் சொன்னார். மூன்று தவணையாக ஒரு தனிநபரின் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு அனுப்பினேன். அரசுக் கட்டணம் கட்டியதற்கான செலான் எங்கே என்று கேட்டதற்கு, “ஆபீஸ்ல கட்டிட்டு உங்களுக்கு காப்பி அனுப்புறேன் மேடம்” என்றார். அந்த நகல் இன்றுவரை வரவில்லை. நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. இலச்சினை, முத்திரை, பச்சை மையில் கையெழுத்து எல்லாம் இருந்தன. பார்த்தவுடன் மனம் நிறைந்துபோய், அதை ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. என் முதல் தவறு அதுதான்.

இப்போது அதே கடிதத்தை எடுத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. தலைப்பில் ‘சென்னை மாநகராட்சி’ என்று இருந்தது. மாநகராட்சியின் பெயர் ‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் அஞ்சல் குறியீட்டு எண் 600 003. கடிதத்திலோ வேறு எண் இருந்தது. நம் அரசு அலுவலகக் கடிதங்களில் ந.க.எண் (கோப்பு எண்), நாள், பொருள், பார்வை என்று ஒரு வரிசை இருக்கும். ‘பார்வை’ என்ற இடத்தில், நாம் கொடுத்த விண்ணப்பத்தின் தேதி குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். நான் விண்ணப்பம் எதிலும் கையெழுத்தே போடவில்லை என்பதால் அங்கே குறிப்பிட எதுவும் இல்லாமல், அந்த வரியையே விட்டுவிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடாத விண்ணப்பத்துக்கு எப்படி அனுமதி கிடைக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பொய், மாநகராட்சியின் பெயரில் வந்த கடிதம் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் வானத்துக்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருந்ததுதான்.

படப்பிடிப்பு நாளன்று காலை ஐந்தரை மணிக்கு உழைப்பாளர் சிலைக்கு அருகே கேமராவை ட்ரைபாடில் நிறுத்தினோம். முப்பது ஆண்டுகளாக அங்கே சிப்பி மாலை விற்கும் ஓர் அம்மா எங்களுக்காக வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, நல்ல புடவை உடுத்திக் காத்திருந்தார். ட்ரோன் இயக்குபவர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது ரோந்துக் காவலர்கள் வந்தார்கள். கடிதத்தை வாங்கிப் பார்த்த உதவி ஆய்வாளர், “ஏம்மா, இது யார் கொடுத்தது? ட்ரோனுக்கு கார்ப்பரேஷன் எப்படிம்மா பர்மிஷன் கொடுக்கும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் விசாரிக்காமல் விட முடியாது என்று சொல்லி எங்கள் அனைவரையும் நிலையத்துக்கு வரச்சொன்னார். அந்த அம்மா, தன்னால்தான் எங்களுக்குத் தொல்லை வந்துவிட்டதோ என்று பயந்து, கடையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பணம் போனதைவிட அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அன்று கேமரா, லென்ஸ், வண்டி ஆகியவற்றுக்குக் கொடுத்து வீணாய்ப்போன வாடகை மட்டும் 18,500 ரூபாய்.

அதன்பின் நானே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். காமராஜர் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேப்பியர் பாலத்துக்கு அருகே ஐ.என்.எஸ். அடையாறு என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே நடந்தால் தலைவர்களின் நினைவிடங்கள், எதிர்ப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், அடுத்து மாநிலக் கல்லூரி, இன்னும் போனால் காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம், கடைசியில் 1977-இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கம். நினைவிடங்கள் மாநில அரசினுடையவை, செனட் மண்டபம் பல்கலைக்கழகத்தினுடையது, கலங்கரை விளக்கம் மத்திய அரசினுடையது. மணற்பரப்பின் பராமரிப்பு மாநகராட்சியிடம் இருக்கிறது. கூட்டமும் போக்குவரத்தும் காவல்துறையின் பொறுப்பு. ஒரே சாலையில் நின்றுகொண்டு கேமராவைத் திருப்பினால் உரிமையாளர் மாறிவிடுகிறார். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார் என்றால் அந்தக் கையெழுத்தைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

ரயில் நிலையத்தில் வணிக நோக்கில் படம் எடுக்க வேண்டுமென்றால் தெற்கு ரயில்வேயிடம்தான் கேட்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பழமையான நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1959-ஆம் ஆண்டு விதிகளும் அங்கே பொருந்தும். சுற்றுலா வந்தவர் கையில் வைத்திருக்கும் கேமராவால் படம் எடுப்பது ஒன்று. ஆட்களையும் கருவிகளையும் கொண்டுபோய்ப் படப்பிடிப்பு நடத்துவது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டணத்தைத் துறைக்கே செலுத்தி உரிமம் பெற வேண்டும். நான் அப்படித்தான் பிறகு விண்ணப்பித்தேன். படத்தின் சுருக்கத்தையும் குழுவினரின் விவரத்தையும் கருவிகளின் பட்டியலையும் கேட்டார்கள். இடைத்தரகர் யாரும் தேவைப்படவில்லை.

ட்ரோன் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் 200 அடிக்கு மேல் போனால், முன் அனுமதி தேவைப்படும் மஞ்சள் பகுதியாகிவிடும். இவற்றை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். இதைத் தவிர, ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கவும் வழி இருக்கிறது. ஆகவே நேற்று பறக்கவிட்ட இடத்தில் இன்று பறக்கவிடலாம் என்று இயக்குபவர் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். வாடகைக்கு வருபவரிடம் ட்ரோனின் பதிவு எண்ணையும் அவருடைய சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த மனிதரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் அழைத்தேன். “சின்ன மிஸ்டேக் மேடம், நாளைக்கே சரி பண்ணித் தரேன்” என்றார். மறுநாள் 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அதற்கு மறுநாள் எண் அணைக்கப்பட்டிருந்தது. அந்த 10,000 என்னைப் புகார் கொடுக்காமல் ஒரு வாரம் காத்திருக்க வைப்பதற்காகவே அனுப்பப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை நான் அழைத்தபோது, கடைசித் தவணை அனுப்பி இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ போய்விட்டது. முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் வந்த அன்றே அழைத்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். முன்பு 420 என்று நாம் சொல்லிவந்த மோசடிக் குற்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 318-ஆம் பிரிவில் வருகிறது. போலி ஆவணம் தயாரித்ததற்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. புகாருடன் யுபிஐ பரிவர்த்தனை எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்தேன். உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருந்ததுதான் எனக்குக் கைகொடுத்தது.

உங்கள் கையில் ஏற்கெனவே இப்படி ஒரு கடிதம் இருந்தால், படப்பிடிப்புக்குப் போகும் முன் அதில் உள்ள ந.க.எண்ணை எடுத்துக்கொண்டு, கடிதத்தில் பெயர் போட்டிருக்கும் அலுவலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை இது. நேரம் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுத்து வடிவிலேயே கேட்டு வாங்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அனுமதி வேலையைப் பார்க்கும் நேர்மையான தயாரிப்பு நிர்வாகிகள் பலர் இந்நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தை வாங்குவார்கள். அரசுக் கட்டணத்தை உங்களையே நேரடியாகக் கட்டச்சொல்வார்கள். தங்கள் ஊதியத்தைத் தனியாகக் கேட்பார்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அதே மனிதர் வேறொரு எண்ணிலிருந்து கல்லூரி மாணவர்களின் குறும்படக் குழு ஒன்றிடம் பேசியதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். இந்த முறை மெரினாவோடு மெட்ரோ ரயில் நிலையத்தையும் சேர்த்து 35,000 கேட்டிருக்கிறார். ‘பார்வை’ வரி இல்லாத, பழைய பெயரில் தலைப்பு உள்ள கடிதம் உங்களுக்கும் வந்திருந்தால், தயங்காமல் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தனிப் புகார் கொடுங்கள். என் ஒருத்தியின் புகாரை மட்டும் வைத்து விசாரணை மெதுவாகத்தான் நகர்கிறது.