மாத வாடகை இல்லாமல் படம் திருத்த: ஒரு பூனையும் ஆறு மென்பொருள்களும்

ஒரே படத்தை ஆறு மென்பொருள்களில் திருத்திப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பூனை. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே இருட்டு, பூனையின் முகம் பாதி நிழலில். ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400-க்கு ஏற்றி, ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக எடுத்தது. நல்ல படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோதனைக்கு இதைவிடத் தோதான படம் கிடைக்காது. ஜன்னல் வெளுத்துப்போகாமல் காப்பாற்ற வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும். கூட்டினால் ரோமத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாகக் கிளம்பும் நாய்ஸை அடக்க வேண்டும். மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும் பிளக் பாயின்ட்டை அழிக்க வேண்டும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரின் திருத்த வேலை பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: மாதச் சந்தா கூடாது. சந்தாவே தவறு என்பது என் கட்சி இல்லை. வாரம் தவறாமல் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்கு அது தொழில் செலவு. ஆண்டுக்கு ஏழெட்டு முறை கேமராப் பையைத் திறப்பவருக்குக் கணக்கு வேறு. கேமரா அலமாரியில் தூங்கும் மாதத்திலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். அடோபி நிறுவனம் 2013-இல் சந்தா வழிக்குத் திரும்பியது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கக்கூடிய கடைசி லைட்ரூம் (அடோபியின் படம் திருத்தும் மென்பொருள்), 2015-இல் வந்த ஆறாம் பதிப்பு. அதற்கான புதுப்பிப்புகளும் 2017 இறுதியோடு நின்றன. இன்றைய லைட்ரூம் கிளாசிக்கில் சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும்.

‘ஒருமுறை வாங்கினால் போதும்’ என்ற வாசகத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடோபியின் போட்டோஷாப் எலிமென்ட்ஸ் பல ஆண்டுகளாக நிரந்தர உரிமத்தோடு விற்கப்பட்டது. 2025 பதிப்பிலிருந்து அந்த உரிமத்துக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. ரா கோப்புகளைத் திருத்தும் கேப்சர் ஒன் இன்னமும் நிரந்தர உரிமம் விற்கிறது, ஆனால் 2023-இல் விதியை மாற்றிவிட்டது. வாங்கிய பிறகு வரும் புதிய வசதிகள் அந்த உரிமத்தில் சேராது. சோனி, நிக்கான், ஃபியூஜிஃபிலிம் கேமராக்காரர்களுக்கு அது இலவசமாகக் கொடுத்துவந்த எக்ஸ்பிரஸ் பதிப்பும் 2024 ஜனவரியோடு போய்விட்டது. ஆப்பிளின் அபர்ச்சர், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் இருந்தும், 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தில் ஓடவில்லை. எனக்கே ஒரு சூடு உண்டு. விலைகொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளைப் புதுக் கணினியில் நிறுவினேன். உரிம எண்ணைச் சரிபார்க்க வேண்டிய சர்வரை அந்த நிறுவனம் எப்போதோ மூடியிருந்தது. கையில் உரிம எண் இருந்தது, கதவு திறக்கவில்லை. அதன்பின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், இந்தக் கடை மூடினால் என் படங்களின் கதி என்ன என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே கையில் இருப்பது

கேமரா நிறுவனங்களே இலவசமாகத் தரும் மென்பொருளைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் ரா ஸ்டுடியோ ஒரு தனி விசித்திரம். கேமராவை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைக்க வேண்டும், கணக்குப் போடும் வேலையைக் கேமராவுக்குள் இருக்கும் சிப்பே செய்யும். அதனால் கணினி எவ்வளவு பழையதாக இருந்தாலும் கவலையில்லை.

இவற்றின் பலம் வண்ணம். கேமராத் திரையில் பார்த்த அதே நிறம் அப்படியே வரும். பூனைப் படத்தில் ஒயிட் பேலன்ஸும் வெளிச்சமும் இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டன. முகத்தை மட்டும் தனியாகப் பிடித்துத் தூக்கப் போனபோதுதான் கை கட்டிப்போட்டதுபோல் ஆனது. ஜேபெக்கில் கொஞ்சம் பூசி மெழுகினால் போதும் என்பவருக்கு இதற்குமேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டார்க்டேபிளும் ரா தெரப்பியும்

கட்டற்ற மென்பொருள்களில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசும் கேட்காது, கணக்குத் தொடங்கச் சொல்லியும் கேட்காது. குணத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம்.

டார்க்டேபிளை முதலில் திறந்தவர் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். கேமராத் திரையில் பளிச்சென்று இருந்த பூனை இங்கே சோகையாகக் கிடக்கும். கேமரா ஜேபெக்கில் அதன் நிறுவனம் தன் கைப்பக்குவத்தைச் சேர்த்திருக்கிறது, டார்க்டேபிள் அதைப் பின்பற்றுவதில்லை. பாதிப்பேர் இந்த இடத்திலேயே மூடிவிட்டு ஓடிவிடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம் என்பேன்.

லைட்ரூமில் பழகிய கை முதலில் ஹைலைட்டைக் குறைக்கப் போகும். இங்கே வரிசை தலைகீழ். முதலில் எக்ஸ்போஷர் மாடியூலில் (இங்கே ஒவ்வொரு திருத்தக் கருவிக்கும் மாடியூல் என்று பெயர்) பூனைக்கு என்ன வெளிச்சம் வேண்டுமோ அதை வைத்துவிட வேண்டும். ஜன்னல் வெந்துபோகும், போகட்டும். அடுத்து ஃபில்மிக் அல்லது சிக்மாய்ட் மாடியூல் அந்த வெளுப்பை இழுத்துப்பிடித்து உள்ளே கொண்டுவரும். அதற்கடுத்து டோன் ஈக்வலைசர். இந்த ஒரு கருவிக்காகவே டார்க்டேபிளைக் கற்றுக்கொள்ளலாம். பூனையின் நிழல் விழுந்த கன்னத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்து சக்கரத்தை உருட்டினேன். அந்த அளவு இருட்டில் இருக்கும் பகுதிகள் மட்டும் மெல்ல எழுந்துவந்தன, ஜன்னல் அசையவில்லை. திருத்த வேண்டிய பகுதியைச் சுற்றி மாஸ்க் வரையவில்லை, ஸ்லைடரைத் தேடவில்லை. நாய்ஸுக்கு, ஒவ்வொரு கேமராவையும் ஒவ்வொரு ஐஎஸ்ஓ-விலும் அளந்து வைத்த விவரங்களைக் கொண்டு வேலை செய்யும் மாடியூல் ஒன்று தனியாக இருக்கிறது. அதைத் தட்டியதும் புள்ளிகள் அடங்கின, ரோமமும் சற்று மழுங்கியது. பிளக் பாயின்ட்டை ரீடச் மாடியூலில் அழித்தேன், வெறும் சுவர் என்பதால் தொல்லையில்லை.

குறை என்ன? மாடியூல்கள் ஏராளம். ஒரே வேலையை மூன்று மாடியூல்கள் செய்யும், அவற்றில் ஒன்று பழையது, இன்னொன்றை இப்போது யாரும் சிபாரிசு செய்வதில்லை. யார் எதை எந்தக் காலத்தில் சேர்த்தார்கள் என்ற வரலாறு தெரிந்தால்தான் சில பெயர்களுக்கே அர்த்தம் புரியும். பத்து மாடியூலுக்குமேல் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

ரா தெரப்பி எதிர்த்துருவம். கேமரா கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறிய ஜேபெக்கைப் பார்த்து, அதன் வெளிச்ச வளைவைப் போலவே தானும் ஒன்றை அமைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. அதனால் பூனை திறந்தவுடனேயே பழகிய முகத்தோடு வந்தது. படங்களைப் பதிந்து அடுக்கிவைக்கும் கேட்டலாக் கிடையாது. கோப்புறையைக் காட்டினால் படங்களைக் காட்டும், அவ்வளவே. நுண்விவரங்களைப் பிரித்தெடுப்பதில் இதற்கு ஈடு குறைவு. மீசை முடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. ஆனால் நாய்ஸ் நீக்கம், ஷார்ப்னஸ் போன்ற சில கருவிகளின் விளைவு, படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால்தான் திரையில் தெரியும். கருவியின் பக்கத்தில் 1:1 என்று பொடியாக ஒரு குறி இருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்லைடரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்து, ஒன்றுமே நடக்கவில்லையே என்று நான் விழித்துக்கொண்டிருந்தது அரை மணி நேரம்.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி 5.9 பதிப்பில்தான், 2022-இல் வந்தது. அது வலுவானது, ஆனால் பிடிபடுவதில்லை. முகத்தை மட்டும் தூக்க டார்க்டேபிளில் ஆன நேரத்தைப்போல் நான்கு மடங்கு இங்கே ஆனது. இயற்கைக் காட்சி எடுப்பவருக்கு, முழுப் படத்துக்கும் ஒரே பதம் போதும் என்பவருக்கு ரா தெரப்பி. மனிதர்களையும் விலங்குகளையும் எதிர்வெளிச்சத்தில் எடுப்பவருக்கு டார்க்டேபிள். என் ஓட்டு டார்க்டேபிளுக்கு.

காசு கொடுத்தால் என்ன கூடுதல்?

டிஎக்ஸ்ஓ போட்டோலேப் ஒருமுறை விலைக்கு விற்பது, விலையும் லேசானதல்ல. அது எதற்கு என்பதைப் பூனையின் ரோமத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். 2020-இல் நான்காம் பதிப்போடு வந்த டீப்பிரைம் நுட்பம், ரா கோப்பிலிருந்து வண்ணத்தைக் கூட்டி எடுக்கும் வேலையையும் நாய்ஸ் நீக்கத்தையும் சேர்த்தே செய்கிறது. டார்க்டேபிளில் மழுங்கிய கழுத்து ரோமம் இங்கே இழை இழையாக நின்றது. ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படம் என்று சொன்னால்தான் தெரியும். லென்ஸின் குறைகளையும் கேமரா, லென்ஸ் ஜோடி ஜோடியாக அளந்து வைத்துச் சரிசெய்கிறது.

ஆனால் இந்த வித்தைக்குத் தெம்பான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய மடிக்கணினியில் ஒரு படத்தை ஏற்றுமதி செய்யக் கொடுத்துவிட்டு எழுந்துபோய் வேறு வேலை பார்க்கலாம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அல்லாடும் நிலைமை இதுதான். லினக்ஸில் இது கிடையாது. நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத கேமராவின் ரா கோப்பு பொதுவாகத் திறக்காது. புதுக் கேமரா வாங்கினால் அடுத்த பதிப்புக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டியிருக்கும். பகல் வெளிச்சத்தில் குறைந்த ஐஎஸ்ஓ-வில் எடுப்பவருக்கு இந்தச் செலவு வீண். பறவை, இரவு, மேடை நிகழ்ச்சி என்று இருட்டோடு மல்லுக்கட்டுபவர் சோதனைப் பதிப்பில் தன் மோசமான பத்துப் படங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நல்ல படங்களைப் போட்டால் எந்த மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும்.

லேயர் வேண்டும் என்றால்

இதுவரை பார்த்தவை ரா கோப்பைப் பதப்படுத்துபவை. இரண்டு படங்களை ஒட்டுவது, எழுத்துச் சேர்ப்பது, ஓர் ஆளையே அகற்றுவது போன்ற வேலைகளுக்கு லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தனித்தனியே திருத்தும் அடுக்குகள், உள்ள மென்பொருள் தேவை. அங்கே கிம்ப்பும் அஃபினிட்டியும்.

கிம்ப் 1990-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 2.10 பதிப்புக்கும் 3.0-க்கும் இடையே ஏழு ஆண்டு இடைவெளி, 2018-இலிருந்து 2025 வரை. காத்திருந்ததற்குப் பலன் உண்டு. இப்போது ஃபில்டர்களைப் போட்டுவிட்டு, பிறகு வந்து மாற்றலாம், மூலப் படம் கெடாது. ரா கோப்பைக் கொடுத்தால் தானாகத் திறக்காது, கணினியில் இருக்கும் டார்க்டேபிளையோ ரா தெரப்பியையோ கூப்பிட்டு அதன் கையில் கொடுத்துவிடும். பிளக் பாயின்ட்டை அழிக்க, ஹீல் கருவியை எடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி நல்ல சுவர்ப்பகுதியைச் சொடுக்கி, பிறகு பூச வேண்டும். நாலைந்து பூச்சில் போனது. அஃபினிட்டியில் இன்பெயின்டிங் பிரஷ்ஷால் மேலே ஒரே இழுப்பு. பிளக் இருந்த இடத்தில் சுவரின் சொரசொரப்புகூட ஒட்டு தெரியாமல் வந்திருந்தது.

தரத்தில் அஃபினிட்டிதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தயக்கம் வேறு இடத்தில். இதை உருவாக்கிய பிரிட்டனின் செரிஃப் நிறுவனத்தை 2024-இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபர் 30-இல் மூன்று அஃபினிட்டி மென்பொருள்களையும் ஒன்றாக்கி இலவசமாக வெளியிட்டுவிட்டது. கேன்வாவில் கணக்கு தொடங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு மட்டும் கேன்வாவின் கட்டணச் சந்தா. இது நல்ல பேரம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கிம்ப்பின் இலவசமும் இதுவும் ஒரே சொல்லில் அடங்குபவை அல்ல. கிம்ப்பின் மூலநிரல் எல்லோரிடமும் இருக்கிறது, யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அஃபினிட்டியின் இலவசம் ஒரு நிறுவனத்தின் முடிவு. புதிய செயலியில் சேமித்த கோப்பைப் பழைய இரண்டாம் பதிப்பு திறக்காது என்பதையும் ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போதோ ஒருமுறை, யாரோ அனுப்பிய பிஎஸ்டி கோப்பை (போட்டோஷாப்பின் கோப்பு வகை) திறக்க வேண்டும் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ போதும். ஓரத்தில் விளம்பரம் வரும்.

திருத்தங்கள் எங்கே போகின்றன?

ரா மென்பொருள்கள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. என்ன செய்தோம் என்ற குறிப்பை மட்டும் தனியே எழுதிவைக்கும். டார்க்டேபிள் அதை எக்ஸ்எம்பி கோப்பாகவும், ரா தெரப்பி பிபி3 கோப்பாகவும் படத்தின் பக்கத்திலேயே வைக்கின்றன. இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள், படங்களோடு சேர்த்து நகலெடுத்தால் திருத்தமும் கூடவே வரும். ஆனால் ஒன்றின் குறிப்பு இன்னொன்றுக்குப் புரியாது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில் நட்சத்திரக் குறிகளும் குறிச்சொற்களும் கூடவே வரலாம், பூனையின் கன்னத்தில் உருட்டிய வெளிச்சம் வராது. முடித்த படங்களில் மனதுக்குப் பிடித்தவற்றை 16 பிட் டிஃப் கோப்பாகவும் எடுத்துவைக்கிறேன். இடம் அடைக்கும்தான், ஆனால் எந்தக் கடை மூடினாலும் அது திறக்கும்.

என் கணினியில் இப்போது நிரந்தரமாக இருப்பவை டார்க்டேபிளும் அஃபினிட்டியும். அஃபினிட்டியின் கொள்கை மாறினால் இருக்கட்டும் என்று கிம்ப்பையும் நிறுவி வைத்திருக்கிறேன். டிஎக்ஸ்ஓவின் சோதனைக் காலம் இன்னும் சில நாள் மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஓர் இரவு முழுக்க எடுத்த படங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும், பணப்பையைத் தொடுவது அதற்குப் பிறகு.